மூலிகையும் சோதனையும்: ஹக்கலைச் சிங்கோனா தரும் படிப்பினை

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்கள் தடிமலுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த குடிநீரையும், இருமலுக்கு ஆடாதோடையையும், மஞ்சட் காமாலைக்குக் கீழ்க்காய்நெல்லியையும் நாடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமாகும். இவ்வழக்கினைப் பழமையென்று புறந்தள்ளுவாரும் உளர். பழமை என்பதனாலேயே முழுவதும் மெய்யெனக் கொள்வாரும் உளர். இவ்விரு சாராரும் செய்யத் தவறுவது ஒன்றே. அஃது மூலிகையைச் சோதித்து அறிதல். ஒரு செடி மருந்தென ஏற்கப்படுவதற்கு முன் கடக்கவேண்டிய படிகள் யாவை என்பதை விளக்கத் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. நுவரெலியாவிலிருந்து வெலிமடை செல்லும் வீதியிலே, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள ஹக்கலைப் பூங்காவிலிருந்தே தொடங்கலாம்.

இன்று மலர்களின் அழகைக் காணப் பலர் செல்லும் அப்பூங்கா, 1861 ஆம் ஆண்டில் அழகின்பொருட்டு நிறுவப்பட்டதன்று. சிங்கோனா மரத்தை வளர்த்துப் பெருக்குதற்கென்றே நிறுவப்பட்டது. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரல்களுக்கு உரிய இம்மரத்தின் பட்டை, பதினேழாம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவில் முறைக்காய்ச்சலுக்கு மருந்தாக வழங்கிவந்தது. கிளெமென்ற்ஸ் மார்க்கம் என்பார் 1860 இல் அம்மலைகளிலிருந்து கன்றுகளையும் விதைகளையும் திரட்டி இந்தியாவுக்குக் கொணர்ந்தார். இலங்கைக்கு வந்தவற்றைப் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் ஹக்கலையில் நடுவித்தார். கோப்பி செழித்திருந்த அக்காலத்தில் தோட்டத்துரைமார் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1869 இல் கோப்பியிலே இலைத்துரு நோய் கண்டு, பின்னர் அப்பயிர் அழியத் தொடங்கவே, பலர் சிங்கோனாவின்பால் திரும்பினர். 1867 இல் தேயிலையைப் பயிரிட்டுப் புகழ்பெற்ற ஜேம்ஸ் டெயிலரும் தமது லூல்கந்துரைத் தோட்டத்தில் சிங்கோனாவையும் வளர்த்தவரே.

பட்டை காய்ச்சலைத் தணிக்கிறது என்பது அனுபவம். பட்டையிலுள்ள எப்பொருள் தணிக்கிறது என்பது ஆராய்ச்சி. இவ்வினாவுக்கு 1820 இல் பாரிஸ் நகரத்து மருந்தியலாளர் இருவர், பெலெத்தியே, கவாந்து என்போர், விடை கண்டனர். அவர்கள் பிரித்தெடுத்த சத்தே குவினைன். நம் மக்கள் கொயினா என்று வழங்குவது அதுவே. பட்டையை நீரில் அவிப்பதனால் இச்சத்து முழுவதும் இறங்குவதில்லை. பட்டைத்தூளுடன் சுண்ணாம்பைச் சேர்த்தால் அது தன் பிணைப்பினின்றும் விடுபடும். பின்னர் எண்ணெயில் கரையும். அவ்வெண்ணெயை நீர்த்த கந்தகவமிலத்துடன் கலந்து குலுக்கினால் அமிலநீருக்குள் இறங்கும். அந்நீரிலிருந்து உப்பாகப் படியும். ஒரே பட்டை, எவ்வாறு பக்குவம் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து வலிய மருந்தாகவும் மெலிய கசப்புநீராகவும் அமையும் என்பது இதனால் விளங்கும்.

அப்பட்டையில் குவினைன் மட்டுமன்றிக் குவினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்னும் வேறு மூன்று காரச்சத்துக்களும் முதன்மையாக உள்ளன. குவினைனோ விலையுயர்ந்தது, ஏழை மக்களுக்கு எட்டாதது. ஏனைய மூன்றும் பயனுடையனவாயின் மருந்தின் விலை குறையுமல்லவா? இதனை அறிதற்பொருட்டு 1866 இல் சென்னை மாகாண அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. மருத்துவர்கள் நான்கு சத்துக்களையும் தனித்தனியே காய்ச்சல் நோயாளருக்குக் கொடுத்துப் பயன் தந்ததையும் தவறியதையும் எண்ணிப் பதிந்தனர். மொத்தம் 2,472 நோயாளர். குவினைன் பெற்ற 846 பேரில் 6 பேருக்கும், குவினிடின் பெற்ற 664 பேரில் 4 பேருக்கும், சிங்கோனிடின் பெற்ற 403 பேரில் 4 பேருக்கும், சிங்கோனின் பெற்ற 559 பேரில் 13 பேருக்கும் மருந்து பயன்தரவில்லை. ஆயிரத்துக்கு எனக் கணக்கிட்டால் தவறியவை முறையே 7, 6, 10, 23 ஆகும். விலையுயர்ந்த குவினைனுக்குக் குவினிடின் சற்றும் குறைந்ததன்று என்பதும், மலிவான சிங்கோனினும் கழித்து ஒதுக்கத்தக்கதன்று என்பதும் இக்கணக்கினாற் புலனாயின.

இச்சோதனையின் சிறப்பு யாது? பயன் தந்த கதைகளை மட்டும் திரட்டாது, தவறியவற்றையும் எண்ணியமையே. கைமருந்தினால் குணமடைந்தோர் பேசுவர். குணமடையாதோர் வேறிடம் நாடிச் செல்வர். ஆதலின் ஊரார் செவியில் வெற்றிகளே எஞ்சும். எனினும் சென்னைச் சோதனையிலும் குறை உண்டு. மருந்து பெறாத ஒரு குழுவினரை உடன்வைத்து ஒப்பிடவில்லை. காய்ச்சல்களுட் பல தாமே தணிவன. மேலும் மலேரியாக் கிருமியை லவெரான் என்பார் அல்சீரியாவிற் கண்டது 1880 இலேயே. அதற்கு முன், வந்த காய்ச்சல் மலேரியாதானா என்பதைக் குருதியைப் பார்த்து உறுதிசெய்ய வழியில்லை. ஆகவே தணிந்த காய்ச்சல் அனைத்தும் மருந்தினாலேயே தணிந்ததெனல் பொருந்தாது.

அடுத்த படி, சத்தின் அளவை ஒரு நிலைப்படுத்தலாம். இலங்கைத் தோட்டங்களில் மிகுதியாக நடப்பட்ட சிங்கோனா இனங்களின் பட்டையிலே குவினைன் குறைவு. சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகருக்காகப் பொலிவியக் காட்டிலே விதை சேர்த்தவர் மனுவேல் இன்க்ரா மாமனி என்னும் பழங்குடித் தொழிலாளி. மரங்களின் தரத்தைக் கண்ணால் அறியவல்ல அம்மனிதர், பின்னொருமுறை விதை தேடியபோது சிறைப்பட்டுத் துன்புறுத்தப்பட்டு மாண்டார். அவர் சேர்த்த விதையில் ஒரு பகுதியை 1865 இல் ஒல்லாந்த அரசாங்கம் வாங்கி யாவாவில் வளர்த்தது. ஒல்லாந்தர் மரம் மரமாகப் பட்டையைப் பகுத்தாய்ந்து, சத்து மிக்க மரங்களையே தேர்ந்து பெருக்கினர். அவற்றுட் சில நூற்றுக்குப் பத்துக்கு மேலும் குவினைன் உடையனவாயிருந்தன. இலங்கையோ 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்து சந்தையை நிரப்பியது, விலை வீழ்ந்தது, மரங்களையும் நோய் தாக்கியது. மெலிந்த பட்டை அவ்விலையிற் கட்டுப்படியாகாது ஒழிய, தேயிலை அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டது. யாவாவின் செறிந்த பட்டையோ நிலைத்து, உலகத் தேவையிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வழங்கலாயிற்று. 1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டபோது, ஒருகாலத்தில் உலகுக்குப் பட்டை அனுப்பிய இத்தீவு கொயினாவை வெளியிலிருந்து தருவிக்கும் நிலையில் இருந்தது. அந்நோயற்ற நாடென இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016 இலாகும்.

சிங்கோனா கற்பித்த முறைகள் இன்றும் பயன்படுகின்றன. சீன நாட்டு அறிஞர் தூ யூயூ, காய்ச்சலுக்குப் பண்டைய நூல்கள் கூறிய ஒருவகை மாசிபத்திரியை ஆராய்ந்தார். கொதிக்கவைத்து எடுத்த சாறு உறுதியான பயன் தரவில்லை. தழையைக் குளிர்நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு பழைய நூலொன்று கூறுவதைக் கண்ட அவர், வெப்பம் சத்தைக் கெடுக்கலாமென ஊகித்து, 1971 இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக்கொண்டு சாறெடுத்தார். அதுவே மலேரியாவை வென்றது. 2015 இல் நோபெற் பரிசையும் பெற்றுத்தந்தது. முன்னோர் நூல் வினாவைத் தொடுத்தது. சோதனை விடையை நிறுவியது.

நம் நாட்டிலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. சித்த வைத்தியர் கடலழிஞ்சில் எனவும் சிங்கள மக்கள் கொத்தல ஹிம்புட்டு எனவும் கூறும் கொடியின் மரத்தில் கடைந்த கோப்பையில் நீரூற்றிப் பருகுவது நீரிழிவுக்குரிய பழைய முறை. இக்கொடியின் சத்து, குடலிலே மாப்பொருள் வெல்லமாகும் வேகத்தைக் குறைக்கிறது எனக் கண்டனர். 2005 இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் நீரிழிவாளர் 51 பேர் மூன்று மாதம் இம்மூலிகைத் தேநீரையும், மூன்று மாதம் அதுபோன்ற பையிலிட்ட வெற்றுத் தேநீரையும் பருகினர். எக்காலத்தில் எதைப் பருகுகிறார் என்பதை நோயாளரும் அறியார்; மருத்துவரும் அறியார். மூலிகை பருகிய காலத்திற் குருதிவெல்லத்தின் நீண்டகாலச் சராசரி குறைந்திருந்தது. ‘குடித்தேன், குணமடைந்தேன்’ என்னும் நம்பிக்கையின் வலிமையையும் மருந்தின் வலிமையையும் பிரித்தறிவதற்கே இத்துணை ஏற்பாடும்.

இனி, தீங்கின்மையைப் பற்றியும் கூறல்வேண்டும். நெடுங்காலம் வழங்கிய மூலிகை தீங்கு செய்யாது என்பது பலர் துணிபு. உண்டவுடன் வாந்தியோ மயக்கமோ தருவதை முன்னோர் கண்டு விலக்கியிருப்பர். பல ஆண்டு கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுப்பதை எவ்வாறு கண்டிருப்பர்? 1990களின் தொடக்கத்தில் பெல்சிய நாட்டில் உடல் மெலிவதற்கென மூலிகை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதுற்றது. அதற்குக் காரணமான நச்சமிலம், நம்மவர் அறிந்த ஈசுவரமூலியின் குடும்பத்துச் செடிகளிலும் அம்மூலியிலும் உள்ளது. இயற்கையிற் பிறந்தது என்பது நஞ்சின்மைக்குச் சான்றாகாது.

இவையெல்லாம் தோட்டத்து லயத்தில் வாழும் தாய்க்கு எவ்வகையிற் பயன்படும்? டெங்குக் காய்ச்சலுக்குப் பப்பாசி இலைச்சாறு கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். அது குருதித்தட்டுக்களைப் பெருக்குகிறது என்பர். அந்நோயில் உயிருக்கு இறுதி விளைப்பது பெரும்பாலும் குருதிநீர் குழாய்களினின்றும் கசிவதே. தட்டுக்களின் எண்ணிக்கை உயர்வதனால் மட்டும் அக்கசிவு நின்றதென்று ஆகாது. கைமருந்தைக் கொடுத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்வதை ஒருநாள் தள்ளிப்போடுதல், சாற்றைவிடப் பெருங்கேடாய் முடியலாம். கொத்தமல்லிக் குடிநீர் தடிமலுக்கு இதமளிக்கலாம்; விடாத காய்ச்சலுக்குக் குருதிப் பரிசோதனையே வேண்டும்.

கற்றோர் செய்யவேண்டிய பணியும் ஒன்றுண்டு. தோட்டத்து முதியோர் அறிந்த மூலிகைகள் அவர்களோடு மறைந்துவருகின்றன. மாணவர் அவற்றைத் திரட்டும்போது இன்ன நோய்க்கு இன்ன இலை என எழுதுதல் போதாது. செடியின் எவ்வுறுப்பு, எக்காலத்திற் பறித்தது, பச்சையா உலர்ந்ததா, எவ்வளவு நீரில் எத்துணை நேரம் அவித்தது, எவ்வளவு கொடுத்தது, யாருக்குப் பயன்படவில்லை என்பனவும் குறிக்கப்படல்வேண்டும். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு செடியைச் சுட்டும். ஆதலால் பூவும் இலையும் உடைய கொம்பொன்றை உலர்த்தி வைத்து, பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சாலையின் மாதிரிகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்தல் நன்று. இவ்வாறு பதிந்த ஏடு ஆராய்ச்சியாளர் கைக்குச் சென்றால், நம் முதியோரின் அறிவு வெறுங் கதையாகக் கழியாது. சோதனைக்குரிய வினாவாக நிலைபெறும். அவ்வினாவுக்கு விடை ஆம் என்றாலும் அன்று என்றாலும் நோயாளிக்கு நன்மையே.