பதினோராம் நாள்

பள்ளியிற் பெயர் பதிந்தோர் அனைவரும் கல்வியில் நிலைப்பதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். பௌத்த தியான நிலையங்களுக்கும் இஃது ஒக்கும். புதியோரை அழைத்தல் எளிது; வந்தோரை அகலாது காத்தலே அரிது.

பர்மாவிற் பிறந்த கோயங்கா, ஊ பா கின் என்பாரிடம் விபஸ்ஸனா தியானம் பயின்று, 1969ஆம் ஆண்டு இந்தியாவிற் கற்பிக்கத் தொடங்கினார். மகாராட்டிரத்து இகத்புரி நிலையத்தில் 1976இற் பயிற்சி ஆரம்பமாயிற்று. அங்கே உணவுக்கும் உறையுளுக்கும் கட்டணம் இல்லை. பத்து நாட் பயிற்சியை நிறைவு செய்தோரிடமே நன்கொடை பெறுவர். பயன் கண்டவர் பின்வருவோர் பொருட்டுக் கொடுக்கிறார். அவரே மறுமுறை அடுக்களையிற் சமைக்கவும் பரிமாறவும் வருகிறார். அவர் வாய்ச்சொல்லினும் சிறந்த அழைப்பிதழ் யாது?

ஆயினும் இடர் பதினோராம் நாட் காலையிலே தொடங்குகிறது. வைகறை நான்கு மணிக்கு மணியோசை கேட்டெழுந்தவர், அன்று வீட்டின் ஆரவாரத்துக்கு மீளுகிறார். இதனையுணர்ந்தே பத்தாம் நாளில் மௌனத்தைத் தளர்த்துகின்றனர். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் தியானம், வாரந்தோறும் கூட்டுத் தியானம், ஆண்டுக்கொருமுறை மீண்டும் பத்து நாட் பயிற்சி என்பன பழைய மாணவர்க்கு அவர்கள் கூறும் நெறி.

இம்மூன்றில் வாரக் கூட்டமே அச்சாணி என்பது என் துணிபு. தனியே அமர்வோனைச் சோம்பல் எளிதில் வெல்லும். துணையோடு அமர்வோனை வெல்வது அரிது. ஆதலின் புதியோரை அழைக்கத் திட்டமிடுவோர், எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுமுன், பதினோராம் நாளில் அவர் சென்று அமர அண்மையில் ஓர் இடம் உண்டா என எண்ணுவாராக.