கணிப்பொறிக்குப் பிறை தெரியுமா?



ரமளான் மாதத்து மாலைப்பொழுது ஒன்றை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. சென்னையிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்ட நீங்கள், உதகையைக் கண்டுவிட்டு முதுமலைக் காட்டின் வழியே மைசூர் நோக்கிச் செல்கிறீர்கள். வழியில் தெப்பக்காடு. மாயாற்றின் கரையிலுள்ள யானைகள் முகாமில் கேழ்வரகும் கொள்ளும் சேர்ந்த கவளங்களைப் பாகர்கள் ஊட்டுவதைப் பிள்ளைகள் விழிவிரியப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்புகின்றனர். பயணிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை உண்டெனினும் நீங்களும் உங்கள் இல்லத்தாரும் நோன்புடனேயே இருக்கிறீர்கள். மணி 6.19. கைபேசியிலிருந்து மஃரிபு பாங்கு ஒலிக்கிறது. பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டீர்கள்.

சற்றே பொறுங்கள்! அது சென்னைக்குரிய பாங்கு. தெப்பக்காட்டில் சூரியன் மறைய இன்னும் 15 நிமிடங்கள் உள்ளன. காட்டுவழியில் சரியாக இணைப்புக் கிடைக்காத அந்தக் கருவி, புறப்படும்போது நீங்கள் தெரிவு செய்திருந்த ஊரையே இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. பகல் முழுதும் பசித்திருந்து காத்த நோன்பு கடைசிக் கால் மணி நேரத்தில் வீணாகிவிட்டால் அந்தத் தவறு யாருடையது?

கணக்கு எளியதே. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.27 பாகையிலும், தெப்பக்காடு 76.58 பாகையிலும் உள்ளன. இடைவெளி மூன்றே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. காலத்தில் ஏறத்தாழ 15 நிமிடம். எனவே மார்ச் நடுவில் சென்னையில் 6.19 அளவில் மறையும் சூரியன் தெப்பக்காட்டில் 6.34 அளவில்தான் மறைகிறது.

அப்படியாயின் சென்னை அட்டவணையோடு 15 நிமிடம் கூட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. தெப்பக்காடு சென்னையை விட ஒன்றரைப் பாகை தெற்கே இருப்பதால், அஸ்தமன வேறுபாடு ஜூன் மாதத்தில் 12 நிமிடமாகக் குறைந்தும் டிசம்பரில் 17 நிமிடமாக வளர்ந்தும் வரும். ரமளானோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னேறி எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. ஒரு பருவத்திற்கான திருத்தம் மறு பருவத்திற்கு உதவாது. ஸஹரில் நிலைமை தலைகீழ்: சென்னை நேரப்படி உணவை நிறுத்திக்கொண்டால் நோன்புக்குக் கேடில்லை, ஆனால் அதே நேரப்படி உடனே ஸுப்ஹு தொழுதால் வக்து வருமுன் தொழுததாகிவிடும்.

இங்கே கணிப்பொறியின் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு நாள் தெரியாது, ஊர் தெரியாது, பிறையும் தெரியாது. எண்ண மட்டுமே தெரியும். இன்றைய கணிப்பொறிகளும் கைபேசிகளும் பெரும்பாலும், 1970ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. அந்த நெடிய எண்ணை நம் நேரமாக, நம் தேதியாக, நம் மாதமாக மாற்றித் தருவது ‘புரோகிராம்’ எனப்படும் நிரல். மாற்றும் விதிகளை எழுதி வைப்பவர் ஒரு மனிதர். அவர் எதை எழுத மறந்தாரோ, அது இயந்திரத்திற்கு இல்லாத ஒன்று.

முதல் விதி, நேர மண்டலம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தையது. தெப்பக்காடு அந்த ரேகைக்கு ஏறத்தாழ 6 பாகை மேற்கே உள்ளதால், அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.24 காட்டும். கடிகாரத்தில் 12 அடித்தவுடன் நண்பகல் என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

இந்த நேரமும் நெடுங்காலமாக இருந்ததன்று. 1906 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் நம் இரயில்கள் ஓடியது ‘மதராஸ் நேரத்தில்’. 1792இல் நிறுவப்பெற்ற மதராஸ் வானாய்வுக் கூடத்தை ஒட்டிய அந்த நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தையது. 1899இல் குன்னூர் வரை ஏறிய நீலகிரி மலை இரயில், 1908இல் உதகையை எட்டியபோது நாட்டின் நேரமே மாறியிருந்தது! இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்திருந்தார்கள். உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் நேர மண்டலத் தொகுப்பில் ‘ஆசியா/கொல்கத்தா’ என்ற தலைப்பின் கீழ் இவையனைத்தும் பதிவாகியுள்ளன. 1943இல் பிறந்த பாட்டனாரின் பிறந்த நேரத்தை ஒருவர் அதில் இட்டால், அந்த ஒரு மணி நேரத்தையும் அது கணக்கில் கொள்கிறது. பாட்டனாரே மறந்த செய்தி அது!

அடுத்தது, தொழுகை நேர விதிகள். மஃரிபு அஸ்தமனத்தில் தொடங்குவதால் அதில் குழப்பம் குறைவு. ஸுப்ஹுக்கோ சூரியன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். கராச்சி முறை 18 என்கிறது. வட அமெரிக்க முறை 15. எகிப்திய முறை 19.5. அஸருக்கு நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா என்பது ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் வேறுபாடு. நம் தமிழகத்தில் இரு சாராரும் வாழ்கிறோம். எதையும் தெரிவு செய்யாது விட்டால், நிரலை எழுதியவர் தம் ஊருக்கு வைத்ததே உங்களுக்கும் வாய்க்கும்.

மலைநாட்டில் இன்னொன்றும் உண்டு. தெப்பக்காட்டைப் போன்ற தாழ்வான இடத்தில் மரங்களும் மலைமுகடுகளும் சூரியனை முன்னதாகவே மறைத்துவிடும், அது அஸ்தமனமாகாது. தொட்டபெட்டா போன்ற உச்சியில் நிற்பவருக்கோ, நிரல் ‘மறைந்துவிட்டது’ என்ற பின்னும் சூரியன் சில நிமிடங்கள் தெரியக்கூடும். ஏனெனில் பல நிரல்கள் நிலம் முழுவதையும் கடல்மட்டச் சமவெளியாகவே எண்ணிக் கணிக்கின்றன. ஆகவே அவ்வூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைக் கேட்டு நடப்பதே பேணுதல்.

இனிப் பிறைக்கு வருவோம். வியாழன் மாலையை ‘வெள்ளி இரவு’ என்று நம் வீட்டு மூதாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நமக்கு நாள் மஃரிபில் பிறக்கிறது. கணிப்பொறிக்கு நள்ளிரவில் பிறக்கிறது. இரவு 8 மணிக்குப் பிறந்த குழந்தையின் ஹிஜ்ரித் தேதியைப் பல நிரல்கள் ஒரு நாள் குறைத்துக் காட்டுவது இதனால்தான்.

ஹிஜ்ரி மாதங்களைக் கணக்கிட, 30 ஆண்டுச் சுற்று ஒன்று நெடுங்காலமாக வழங்கிவருகிறது. 19 ஆண்டுகளுக்கு 354 நாட்கள், 11 ஆண்டுகளுக்கு 355 நாட்கள். ஆக மொத்தம் 10,631 நாட்கள். நிரலாளருக்கு இது கற்கண்டு. எத்தனை நூற்றாண்டு முன்னும் பின்னும் நொடியில் கணித்துவிடலாம். ஆனால் மாதம் 29ஆ 30ஆ என்பதை நாம் பிறை கண்டு முடிவு செய்கிறோம். இதை உணர்ந்தே மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தன் ஹிஜ்ரி நாட்காட்டி நிரலில் இரண்டு நாட்கள் வரை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள இடம் வைத்தது. கணக்கில் கைதேர்ந்த இயந்திரம் இந்த ஒரு கேள்வியில் மட்டும் நம்மிடம் திரும்பி, ‘உங்கள் ஊரில் பிறை தெரிந்ததா?’ என்று கேட்பதைப் போன்றது அது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கணிப்பொறிகள் பின்பற்றும் கணிப்பு முறைக்கு ‘அல்காரிதம்’ என்ற பெயரே, ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதின் அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவர் யூதர்களின் நாட்காட்டியைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர்.

சூரிய ஆண்டும் சந்திர ஆண்டும் வேறு என்பதை மறந்தால் நட்டம் எங்கே விழும் தெரியுமா? ஜகாத்தில். குகைவாசிகள் தங்கிய காலத்தைத் திருக்குர்ஆன் முந்நூறு ஆண்டுகள் என்றும், அதனோடு ஒன்பது என்றும் குறிப்பிடுவதை நீங்கள் அறிவீர்கள். சூரியக் கணக்கில் 300 ஆண்டுகள் சந்திரக் கணக்கில் 309 ஆகும் என்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் வணிகர்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு முடித்து, அதன்படியே நூற்றுக்கு இரண்டரை எடுத்து வைப்பதுண்டு. கணக்கு நிரலிலும் ‘ஓராண்டு கூட்டு’ என்றே எழுதியிருக்கும். ஆண்டுக்கு 11 நாட்கள் விடுபட்டு, 33 ஆண்டுகளில் ஓர் ஆண்டின் ஜகாத் முழுவதும் ஏழைக்குச் சேராமல் போகிறது. ஆங்கில ஆண்டைத் தவிர்க்க இயலாதவர்கள், ஒரு இலட்சத்துக்கு 2,500 ரூபாய் என்பதை ஏறத்தாழ 2,577 என்று கொள்ளும் முறையைச் சமகால உலமாக்கள் பலர் கூறுகின்றனர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது, ஆண்டை இரண்டு இலக்கத்தில் குறித்த நிரல்களால் உலகமே பதறியது நினைவிருக்கும். அதைப் போன்றதொரு நாள் இன்னும் வரவிருக்கிறது. விநாடிகளைச் சிறிய இடத்தில் சேமிக்கும் பழைய வகைக் கருவிகளில், 2038 ஜனவரி 19 காலை 8.44 மணிக்கு அந்த எண் நிரம்பி வழிந்து, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கருவிகளில் பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிட்டார்கள். பள்ளிவாசல் சுவரில் பழைய மின்கடிகாரம் மாட்டியிருக்கும் நிர்வாகிகள் அதை விற்றவரிடம் ஒரு சொல் கேட்டு வைக்கலாம்.

தெப்பக்காட்டில் பேரீச்சம்பழத்தைக் கையில் ஏந்தியபடி நிற்கும் உங்களிடம் திரும்புகிறேன். கைபேசியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஊர் என்ற இடத்தில் அட்சரேகை 11.58, தீர்க்கரேகை 76.58 என்று நிரப்புங்கள். நேர மண்டலம் என்ற இடத்தில் கவனம் தேவை. ஐந்தரை மணி என்பதைச் சில நிரல்கள் தசம எண்ணாகக் கேட்கும், அங்கே 5.5 என்று இட வேண்டும். பழக்கத்தில் 5.30 என்று இட்டுவிட்டால் நிரல் அதை 5 மணி 18 நிமிடம் என்று கொள்ளும். பாங்கு 12 நிமிடம் முந்திவிடும். சரியாக நிரப்பிவிட்டீர்களா? திரையில் இப்போது மஃரிபு 6.34 என்று காட்டும். தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்துப் பிள்ளைகளையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன.