கடைதலும் ராவுதலும்: பழந்துப்பாக்கி உறுப்புகளின் மறுஆக்கமும் தமிழ்த் தொழிற்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

பழந்துப்பாக்கிகளில் தேய்ந்தோ தொலைந்தோ போன உறுப்புகளைச் சிறு பட்டறையில் புதிதாகச் செய்து பொருத்தும் தொழிலை இக்கட்டுரை விளக்குகிறது. அதற்குரிய தமிழ்ச் சொற்கள் கடன்சொல், பெயர்ப்புச்சொல், பட்டறை வினைச்சொல் என மூன்று அடுக்குகளாக அமைவதையும், இவற்றுள் வினைச்சொற்களே தொழிலின் நுட்பத்தைக் காட்டும் சான்றாக நிற்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பாக்கி, கடைசல், ராவுதல், மரை, தோய்ச்சல், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

சென்னையின் மேற்கே, பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்த ஊர் பாரிவாக்கம். ஒருபுறம் ஆங்கிலேயர் காலத்தில் படையினர் தங்கிய பூவிருந்தவல்லி. மறுபுறம் 1965இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி வெளியிட்ட ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை. சற்று அப்பால் 1960களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. இவற்றைச் சார்ந்து இவ்வட்டாரமெங்கும் கடைசல் பட்டறைகள் பெருகின. இப்பட்டறைகள் பழந்துப்பாக்கி உறுப்புகளைச் செய்கின்றன என்பதன்று இங்குக் கருத்து. ஆயின், அத்தகைய மறுஆக்கத்திற்கு வேண்டிய கருவிகளும் கைத்திறனும் சொற்களும் இங்கு நாள்தோறும் புழங்குகின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் உள்ளன. இத்தகைய பொருள்களின் பழுதையும் செப்பத்தையும் தமிழில் ஆவணப்படுத்த முற்படுவோர்க்கு இச்சொற்கள் இன்றியமையாதன.

கடன்சொற்களும் பெயர்ப்புச்சொற்களும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழிவழி வந்தது. தோட்டா உருது, மராத்தி முதலிய மொழிகளின் வழி வந்தது. ஐரோப்பியரைக் குறித்த பாரசீகச் சொல்லான 'ஃபிரங்கி' தமிழில் இரண்டாகப் பிரிந்து, ஆளைக் குறிக்கையில் பறங்கி எனவும் கருவியைக் குறிக்கையில் பீரங்கி எனவும் நின்றது. சக்கிமுக்கிக் கல் என்பதன் முதற்கூறும் துருக்கியச் 'சக்மக்' என்பதன் திரிபே. இவை பொருளோடு பெயரும் சேர்ந்து வந்த முதல் அடுக்கு.

இரண்டாம் அடுக்கில் அயற்சொல் வரவில்லை. அயற்கருத்துக்குத் தமிழ்ச்சொல் பொருந்தியது. வெடிப்பொடியை 'மருந்து' என்கிறோம். தெலுங்கில் 'மந்து', கன்னடத்தில் 'மத்து' என்பனவும் நோய்மருந்தையும் வெடிமருந்தையும் ஒருங்கே குறிப்பன. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் 'தாரு' மராத்தியில் வெடிமருந்தையும் குறிக்கும். வெடிமருந்துக்குரிய சீனப் பெயரின் நேர்ப்பொருள் 'தீ மருந்து'. வெடியுப்பும் கந்தகமும் மருத்துவர் கையாண்ட சரக்குகள் என்பதை நோக்க, இவ்வொப்புமை தற்செயலானதன்று எனலாம்.

கல்லைக் கவ்வி முன்பாயும் உறுப்பு தமிழில் 'குதிரை' எனப்படும். இந்தியிலும் அது குதிரையே. ஆங்கிலமும் செருமானியமும் அதனைச் சேவல் என்கின்றன. பிரெஞ்சு நாய் என்கிறது. வீணையில் நரம்புகளைத் தாங்கும் உறுப்பையும் குதிரை என்னும் தமிழ் மரபிற்கு இப்பெயர் அயலாகத் தோன்றவில்லை.

உறுப்பின் மறுஆக்கம்

சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் பட்டைவில்லின் விறைப்பு விடுபடுகிறது. குதிரை பாய்ந்து, அதன் வாயிலுள்ள கல் எஃகுத் தகட்டை உரசுகிறது. பொறி கிண்ணத்து மருந்தில் விழுகிறது. தீ சிறுதுளை வழியே குழலினுள் செல்கிறது. குதிரையின் அச்சாகத் திரும்பும் உள்ளுறுப்பில் இரு வெட்டுகள் உண்டு. அரைநிலையில் குதிரையை நிறுத்துவது ஒன்று; முழுநிலையில் நிறுத்துவது மற்றொன்று. விசையோடு இயையும் கொக்கியின் நுனி இவ்வெட்டுகளில் சென்று அமரும்.

இவ்வுறுப்புகளுள் ஒன்று இல்லாதபோது, அதே வகைத் துப்பாக்கி ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்திவிட முடியாது. ஒத்த உறுப்புகளை ஒன்றற்கொன்று மாற்றத்தக்கனவாகச் செய்ய 1780களில் பிரான்சில் ஒனோரே பிளான் முயன்றார். ஆயினும் அம்முறை பரவலாக நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன்னர் ஒவ்வோர் உறுப்பும் தன் துப்பாக்கிக்கென்றே ராவி இசைக்கப்பட்டது.

திருகாணிகளின் நிலையும் அதுவே. ஹென்றி மாட்ஸ்லியின் மரைவெட்டும் கடைசல் பொறி 1800ஐ ஒட்டித் தோன்றியது. ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணமுடைய பொதுமரையை 1841இல் முன்வைத்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. எனவே 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியின் துளையில் கடையில் வாங்கிய திருகாணி பொருந்துவது அரிது. வலிந்து திருகினால் பழைய மரை அழியும். எஞ்சிய மரையை அளந்து, அதற்கிசையப் புதிய திருகாணியைக் கடைந்தெடுப்பதே முறை.

கடைசல் பொறி உருளைவடிவத்தை மட்டும் தரும். அச்சின் இரு முனைகளைக் கடையலாம். குதிரை அமரும் சதுர முனையையும் வெட்டுகளின் சரிவையும் அரத்தால் ராவியே பெறவேண்டும். பின்னர்ப் பிசிறு தட்டிப் பொருத்திப் பார்ப்பர். இறுகினால் மீண்டும் ராவுவர்.

வடிவம் அமைந்தபின் பதம். பொறி தரும் தகட்டின் மேற்பரப்பு கடினமாக இருந்தாலன்றிக் கல்லுரசலில் பொறி பிறவாது. மென்னிரும்பாயின் கரி நிரம்பிய பெட்டியில் அடைத்துக் காய்ச்சி மேற்பரப்பில் கரியேற்றுவர். பட்டைவில்லையோ சிவக்கக் காய்ச்சித் தோய்ப்பர். அந்நிலையில் அது நொறுங்கும் தன்மையது. மீண்டும் மெல்லச் சூடேற்றினால் வைக்கோல் நிறத்தினின்று நீலத்திற்கு மாறும். வில்லுக்குரிய பதத்தை அந்நீலம் உணர்த்தும். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் ஊர்க்கொல்லர் அறிந்ததும் இந்நிறவரிசையே.

வினையே சான்று

மூன்றாம் அடுக்கான பட்டறை வினைகள் தமிழில் தொன்மையுடையன. மோர் கடைதல், தீக்கடைகோலால் தீக்கடைதல், மரம் கடைதல் ஆகிய மூன்றிலும் கயிற்றாலோ கையாலோ ஒரு தண்டினை முன்னும் பின்னும் சுழற்றும் செயலே உள்ளது. மின்பொறி ஒரே திசையில் சுழலும் இக்காலத்தும் 'கடைசல்' என்னும் பெயர் நீடிக்கிறது.

கலைச்சொல்லாக்கம் பெரிதும் பெயர்ச்சொற்களையே நாடுகிறது. பாடநூல் 'புரி', 'புரியிடைத்தூரம்' எனத் தருகிறது. பட்டறை 'மரை' என்கிறது. 'மரை கழன்றவன்' என்னும் வசையளவிற்குப் பொதுவழக்கில் ஊன்றிய சொல் அது. பெயர்கள் இரண்டாயினும் பொருள் ஒன்றாதலின் இதனால் பெருங்கேடில்லை. வினைகளில் நிலை வேறு. 'தேய்த்தல்' என்னும் ஒரு சொல்லே அரம், சாணை, உப்புத்தாள் ஆகிய மூன்றின் செயலுக்கும் எழுத்துநடையில் நிற்கிறது. பட்டறையோ ராவுதல், சாணை பிடித்தல், தாள் போடுதல் எனப் பிரிக்கிறது.

இவ்வேறுபாடு அருங்காட்சியக ஆவணத்தில் பொருட்படுத்தத்தக்கது. 'கொக்கி நுனி தேய்ந்துள்ளது' என்றால் அது பயன்பாட்டின் தடம். 'ராவப்பட்டுள்ளது' என்றால் ஒருவரது தலையீடு. 'தேய்க்கப்பட்டுள்ளது' என்னும் தொடரோ துரு நீக்கியதையும் குறிக்கலாம், வடிவம் மாற்றியதையும் குறிக்கலாம். கடைந்த பரப்பில் வட்டக் கீறல்களும், ராவிய பரப்பில் நேர்க்கீறல்களும் காணப்படும். ஆதலின் சரியான வினையைத் தெரிவது மொழித்தூய்மை குறித்த செயலன்று. கண்ட சான்றைப் பதியும் செயல்.

சட்ட வரம்பு

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 'படைக்கலம்' என்பதில் அதன் உறுப்புகளையும் அடக்குகிறது. துப்பாக்கி உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்கிறது. பழுதுநீக்கினாலும் சுட இயலாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய கலங்களுக்கே 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எனவே சுட இயலாத கலத்தைச் சுடத்தக்கதாக்கும் மறுஆக்கம் அவ்விலக்கைக் கடந்துவிடும். காட்சிக்குரிய கலமாயினும், புதிய உறுப்பில் குறியிடுவதும், கழற்றிய பழைய உறுப்பைப் பேணி வைப்பதும் செப்ப நெறியாகும்.

முடிவுரை

துப்பாக்கியின் பெயர்கள் பல திசைகளிலிருந்து தமிழுக்கு வந்தன. அதன் உறுப்பைச் செய்யும் வினைகளோ மத்து, தீக்கடைகோல், கொல்லுலை ஆகியவற்றின் வழியே முன்னரே இங்கிருந்தன. கலைச்சொல் தொகுப்புகள் பெயருக்கு நிகரன் தருவதோடு அமையாது, பட்டறை வினைகளையும் அவற்றின் கருவி, செயல், விடும் தடம் என்னும் மூன்றோடும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரப் பட்டறைகளில் கணினிவழிப் பொறிகள் பெருக, அரம் பிடிக்கும் கைகள் குறைந்துவருகின்றன. ராவுதல் என்னும் வினையைச் செய்து காட்டி விளக்கவல்லோர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.