மணலை இழந்த ஆறு

ஆறு என்றதும் நாம் தண்ணீரையே நினைக்கிறோம். சிங்களத்தில் மகாவலி என்பதற்குப் 'பெருமணல்' என்றே பொருள். பெயரிட்டவர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள். 335 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு, நீரோடு மண்ணையும் சுமந்தே தன் பாதையை அமைத்துக்கொண்டது.

மண்ணைச் சுமக்க நீருக்கு வேகம் வேண்டும். மலைச் சரிவில் கற்களையே உருட்டிவரும் ஆறு, சமவெளியில் வேகம் தளர்ந்து முதலில் பரலையும் பின்னர் மணலையும் இறக்கிவிடுகிறது. நுண்ணிய வண்டலே கடல்வரை போகிறது. வளைவுகளில் வெளிக்கரையை விரைந்த நீர் அரிக்க, உட்கரையில் மணல்திட்டு வளர்கிறது. ஒருவருடைய காணி ஆற்றோடு போக, எதிர்க்கரையில் புதுநிலம் எழுவது இதனாலேயே. (அது யாருக்குச் சொந்தம் என்பது வேறு வழக்கு!)

வருகின்ற மண்ணும் அதைச் சுமக்கும் நீரின் வலுவும் ஒத்திருக்கும்வரை ஆற்றின் உருவம் பெரிதாக மாறுவதில்லை. இன்று அந்த ஒப்பு குலைந்துள்ளது. வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களின் மண் உமா ஓயா வழியாக ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் படிகிறது. 1976இல் முடிந்த பொல்கொல்லையும், பின்னர் எழுந்த விக்டோரியா, ரந்தெனிகலை அணைகளும் மணலை மறிக்கின்றன. 2018இல் அம்பன் கங்கையில் மொரகஹகந்தையும் சேர்ந்துகொண்டது. அணையைக் கடந்துவரும் தெளிந்த நீரோ சும்மா போவதில்லை. சுமையற்ற அந்நீர் கீழேயுள்ள படுக்கையையும் கரையையும் அரித்தே தன் சுமையைத் தேடுகிறது.

இவ்வாறு வரவு குறைந்த ஆற்றிலேதான், மன்னம்பிட்டிப் பகுதியில் லொறி லொறியாக மணல் அள்ளப்படுகிறது. படுக்கை தாழ்ந்தால் அயலிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தாழும்; அடி அரிந்த கரை, நிற்கும் மருதமரத்தோடு சரியும். களனி ஆற்றில் மணல் அகழ்வால் படுக்கை தாழ்ந்து, வரட்சியில் உப்புநீர் அம்பத்தலை வரை ஏறிக் கொழும்பின் குடிநீருக்கே இடையூறானது.

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஆயினும் ஆழத்தை அளந்து பார்ப்பவர் அங்கு இல்லையென்றால் அனுமதிப்பத்திரம் வெறும் கடதாசியே. கிராமச் சங்கங்கள் பாலத்தூணில் ஓர் அடையாளமிட்டு, அதிலிருந்து படுக்கை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை ஒவ்வொரு மாரி வெள்ளமும் வடிந்தபின் அளந்து எழுதிவைக்கலாம். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அதே கொப்பியில் குறித்துவைத்தால், பிரதேச செயலகத்தில் முறையிடும்போது காட்டுவதற்குக் கையில் ஏதேனும் இருக்கும்.