எலும்புக்குள் செல்லும் ஊசி: தேர்ந்தெடுப்பது எப்படி?

அரிசி மூட்டையின் தரத்தை அறிய மொத்த வியாபாரிகள் மூட்டையைப் பிரிப்பதில்லை. குத்தூசியைச் செருகி இழுப்பார்கள். அதன் குழிவில் வரும் கொஞ்ச அரிசியே முழு மூட்டையின் கதையைச் சொல்லிவிடும். எலும்பில் நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழும்போது மருத்துவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எலும்பிலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதைத் திசுப் பரிசோதனை, அதாவது பயாப்சி என்கிறோம். இரத்தப் புற்றுநோய், எலும்புக் கட்டி, எலும்பில் கிருமித் தொற்று போன்றவற்றை உறுதிப்படுத்த இது உதவுகிறது.

சாதாரண ஊசி ஏன் போதாது?

இரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மென்மையான தோலுக்கும் இரத்தக் குழாய்க்கும் அது போதும். எலும்பின் வெளிப்புறமோ கெட்டியான ஓடு. உள்ளே பஞ்சு போன்ற எலும்பும், அதன் இடைவெளிகளில் மஜ்ஜையும் இருக்கின்றன. மெல்லிய ஊசி அந்த ஓட்டில் வளைந்துவிடும்.

ஆகவே, எலும்பு ஊசி இரண்டு பாகங்களாகச் செய்யப்படுகிறது. வெளியே உறுதியான எஃகுக் குழாய்; உள்ளே கூர்முனையுள்ள கம்பி. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்துக் கிடைப்பது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஊசியின் கைப்பிடி அகலமானது. அதனால் மருத்துவரின் உள்ளங்கையில் அழுத்தம் குறைவு. முனையின் பரப்போ மிகச் சிறியது. அங்கே அழுத்தம் மிக அதிகம். ஓட்டைத் துளைத்ததும் உள்கம்பியை உருவிவிட்டு, வெற்றுக் குழாயைத் திருகியபடி முன்னே செலுத்துவார்கள். எலும்புத் துண்டு குழாய்க்குள் ஏறிக்கொள்ளும்.

எண் கூடினால் தடிமன் குறையும்

ஊசியின் தடிமனைக் 'கேஜ்' என்ற எண்ணால் குறிப்பர். இது தலைகீழ்க் கணக்கு. 8 கேஜ் ஊசி சுமார் 4.2 மில்லிமீட்டர், 11 கேஜ் சுமார் 3 மில்லிமீட்டர், 13 கேஜ் சுமார் 2.4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை.

மெல்லிய ஊசியால் காயம் சிறிதாகும். ஆனால், வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குழாயின் உள்விட்டம் பாதியானால், கிடைக்கும் துண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு கால்வாசியாகிவிடும். துண்டு போதாமலோ நசுங்கியோ வந்தால் நோயைக் கணிக்க முடியாது. நோயாளி மறுபடியும் குத்து வாங்க வேண்டும், சிகிச்சையும் தள்ளிப்போகும். ஊசித் தேர்வு இதனால்தான் முக்கியமாகிறது.

துண்டு நசுங்கும் சிக்கலுக்கு 1971இல் கோஸ்ரோ ஜாம்ஷிடி என்ற மருத்துவர் எளிய தீர்வு கண்டார். அவருடைய ஊசியின் வாய் மட்டும் சற்றுக் குறுகலாக இருக்கும். அதன் வழியே நுழையும் துண்டு, அகலமான குழாய்க்குள் உரசாமல் தங்கும். இவ்வகை ஊசிகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

எந்த எலும்புக்கு எந்த ஊசி?

மஜ்ஜையை ஆராய, பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்மேடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது தோலுக்கு அருகில் உள்ளது, தடிமனானது. மார்பெலும்பு மெல்லியது, அதன் பின்னால் இதயம் இருப்பதால் அங்கே இந்தத் தடித்த ஊசியைப் பயன்படுத்துவதில்லை. இடுப்பில் 11 கேஜ் ஜாம்ஷிடி வகை பரவலாகப் பயன்படுகிறது. சுமார் 2 சென்டிமீட்டர் நீளத் துண்டு கிடைத்தால் நல்லது.

நோயால் எலும்பு மேலும் இறுகிப்போயிருந்தால் கைவிசை போதாது. துளைப்பான் போன்ற ஊசி தேவைப்படும். மாறாக, கட்டி எலும்பை அரித்து மென்மையாக்கியிருந்தால், மெல்லிய திசு வெட்டும் ஊசியே போதும். ஓடு கெட்டியாகவும் உள்ளே மென்மையாகவும் இருந்தால் தடித்த ஊசி வழி திறக்கும். அதனுள்ளே மெல்லிய ஊசி பலமுறை சென்றுவரும். ஒரே துளையில் பல மாதிரிகள்! எலும்பின் நிலையைச் சி.டி. ஸ்கேன் முன்கூட்டியே காட்டிவிடும். தோலும் எலும்பை மூடியுள்ள சவ்வும் மரத்துப்போக மருந்து செலுத்திய பிறகே ஊசி உள்ளே போகும்.

செய்து பாருங்கள்

ஒரு கேக் துண்டில் பொட்டலப் பானத்தின் மெல்லிய உறிஞ்சுகுழாயையும், பபிள் டீயின் அகன்ற உறிஞ்சுகுழாயையும் குத்தித் திருகி எடுங்கள். எதில் உள்ள கேக் உருக்குலையாமல் வருகிறது? அதன் காரணத்தை உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதுங்கள்.