ரகசியம் யார் கையில்?

சதிக் கதைப் படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்க தம்பி. ரகசியம் யாருக்குத் தெரிகிறது? யார் துப்புத் துலக்குகிறார்? யார் சாகிறார்? டீ ஆறுவதற்குள் நம்ம ஊர்க்காரர் படத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

அல்லிநகரத்து பாரதிராஜா 1977-இல் ‘16 வயதினிலே’ எடுத்தார். மயிலு என்ற கிராமத்துப் பெண்ணின் ஆசையும் ஏமாற்றமும்தான் அந்தப் படம். 1981-இல் அவரே பட்டணத்துச் சதிக் கதைக்கு வந்தார்: ‘டிக் டிக் டிக்’. இசை, பண்ணைப்புரத்து இளையராஜா. மாடல் பெண்களின் உடலை அறுத்து, உள்ளே வைரத்தை ஒளித்துக் கடத்துகிறது ஒரு கும்பல். கொலைப்பழி போட்டோகிராபர் கமல்ஹாசன் மேல் விழுகிறது.

இப்போது அந்தக் கேள்விகளைக் கேளுங்க. ரகசியம் பெண்ணின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, அவளுக்குத் தெரியாது. சாகிறவள் அவள். துலக்குகிறவன் ஆண். மயிலுக்குக் கிடைத்த மனசு இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இது அவர் ஒருவரின் குறையில்லை, அந்த வகைப் படத்தின் வார்ப்பே அப்படி. அமெரிக்காவில் ‘தி பாரலாக்ஸ் வியூ’ (1974), ‘த்ரீ டேஸ் ஆஃப் த காண்டார்’ (1975) இரண்டிலும் உண்மையைத் தேடி ஓடுகிறவன் தனியாளான வெள்ளைக்கார ஆண். ‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’ (1962) படத்தில் கொரியர் வேடத்தையே அமெரிக்கரான ஹென்றி சில்வாவுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் வார்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’, 1954. பாட்டே இல்லாத படம். 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு போட்டதை ஒட்டிய கதை. சிவாஜி கணேசன் நடித்த ராஜன், ஜப்பானுக்கு உளவு சொல்கிற ரேடியோ இன்ஜினியர். அதைக் கண்டுபிடித்து, நாடா புருஷனா என்று தவித்து, அவனை எதிர்த்து நிற்பவள் மனைவி உஷா. அந்த வேடத்தில் பண்டரிபாய். ரகசியமும் அவளிடம், தீர்ப்பும் அவளிடம். நல்லவர்–கெட்டவர் என்ற கணக்கை அது குழப்பிவிடுகிறது. கதையும் அதனால்தான் கனக்கிறது.

பலவகை மனிதரைக் காட்டுவது என்றால் கூட்டத்தில் நாலு முகம் சேர்ப்பதில்லை தம்பி. அறிவும் முடிவும் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான். நம்ம பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களுக்கு மலையின் ஒவ்வொரு வளைவும், கங்காணியின் ஒவ்வொரு கணக்கும் தெரியும். நீங்க சதிக் கதை எழுதினால், பிணமாக வருகிற வேடத்தை அவர்களுக்குக் கொடுக்காதீங்க. துப்புத் துலக்குகிற வேலையைக் கொடுங்க.