சிரிப்பில் இரு வகை

நகைச்சுவை உணர்வு இறைவன் மனிதருக்கு அளித்த நற்கொடைகளுள் ஒன்று. எல்லா நாட்டினரும் சிரிக்கின்றனர். ஆனால் எல்லாரும் ஒரே விதமாகச் சிரிப்பதில்லை. ஆங்கிலம் பேசும் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கிய விதத்தை ஒப்பிட்டால் இவ்வுண்மை நமக்கு விளங்கும்.

1966-ஆம் ஆண்டு பி.பி.சி.யில் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்னும் தொடர் தொடங்கியது. ஜானி ஸ்பைட் எழுதிய இதன் நாயகன் ஆல்ஃப் கார்னெட், கிழக்கு லண்டனில் வாழும் தொழிலாளி. அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஒரே வீட்டில் வாழும் மருமகனோ முற்போக்கு எண்ணம் கொண்டவன். இருவரும் ஓயாமல் மோதிக்கொள்வதே கதை.

இக்கருவைக் கொண்டு நார்மன் லியர் அமெரிக்காவில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்னும் தொடரைப் படைத்தார். 1971 முதல் 1979 வரை அது சி.பி.எஸ். நிறுவனத்தில் ஒளிபரப்பாயிற்று. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் இதன் நாயகன். அவனும் ஆல்ஃபைப் போன்றே பிற இனத்தாரை இகழ்பவன். 1972-இல் வந்த ஒரு பகுதியில் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் அவன் வீட்டுக்கு வருகிறார். புகைப்படம் எடுக்கும் நேரத்தில் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிட்டு விடுகிறார்! அவன் திகைத்து நிற்க, அரங்கம் அதிர்கிறது. அறிவுரை ஒன்றுமில்லை, சிரிப்பே பாடம் புகட்டுகிறது.

இருவருக்கும் வேற்றுமை எங்கே? ஆண்டுகள் செல்லச் செல்ல ஆர்ச்சியின் மனம் சிறிது சிறிதாக இளகியது. அன்பே உருவான மனைவி ஈடித் அவனுக்குத் துணையிருந்தாள். ஆல்ஃபோ மாறவேயில்லை. 1985-இல் தொடங்கிய மறு தொடரில், முதுமை அடைந்த பின்னரும் அவன் அதே ஆல்ஃப்தான்.

இதற்குத் தயாரிப்பு முறையும் ஒரு காரணம். பி.பி.சி. மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடப்பது, விளம்பரம் இல்லை. பெரும்பாலும் ஓரிருவரே எழுதுவர். ஒரு தொகுதிக்கு ஆறேழு பகுதிகளே வரும். புகழ்பெற்ற 'ஃபால்டி டவர்ஸ்' தொடருக்கு மொத்தம் 12 பகுதிகள்தாம். அமெரிக்கத் தொடரோ விளம்பர வருவாயை நம்பியது. பலர் கூடி எழுதுவது. 'ஆல் இன் தி ஃபேமிலி' 200 பகுதிகளைத் தாண்டியது. வாரந்தோறும் வீட்டுக்குள் வரும் ஒருவனிடம் நாம் விரும்பத்தக்கது ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

எனினும் இரு நாடுகளிலும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இனவெறியின் அறியாமையைக் கண்டு மக்கள் நகைக்க வேண்டும் என்பதே படைத்தவர்களின் நோக்கம். ஆனால் பார்த்தவருள் சிலர், 'நம் மனத்தில் உள்ளதை இவன் சொல்லிவிட்டான்' என்று மகிழ்ந்து கைகொட்டினர். ஒரே நகைச்சுவை ஒருவருக்கு மருந்தாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் அமைந்தது.

ஆகவே, தோழியரே, சிரிக்கும்போது நாம் யார் பக்கம் நின்று சிரிக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். குற்றத்தைக் குற்றமென்று மறைக்காமல் காட்டும் துணிவைப் பிரிட்டிஷ் தொடரிடமும், குற்றமுள்ளவனும் திருந்துவான் என்னும் நம்பிக்கையை அமெரிக்கத் தொடரிடமும் கற்கலாம். இவ்விரண்டும் சேர்ந்த சிரிப்பு எவரையும் புண்படுத்தாது.